நீல நிழலும் ஒரு கரண்டி உறைமோரும்

கத்தாழைமேட்டில் நாச்சிமுத்துவின் சாயப்பட்டறைக்கு முன்னால் காயப்போட்டிருந்த நீலத் துணிகளை எல்லாம் உருவி மடித்து லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகும் அவற்றின் நிழல் மட்டும் போகாமல் தரையிலேயே கிடந்தபோது, அந்தத் தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்போதும் எதையாவது மறந்துவிட்டுப் போகிற லோடுமேன்கள் இந்தத் தடவை நிழலை மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள். வெயில் ஏற ஏற அது அவுரிச் சாயத்தைக் கரைத்துக் கொட்டிய மாதிரி பளபளத்தது, பொழுது சாய்ந்ததும் சாம்பல் நிறமாகி அடங்கியது, மறுநாள் காலை வெயில் பட்டதும் பழையபடி விழித்துக்கொண்டது. சொறி பிடித்த தெருநாய்கள்தான் முதலில் அதில் போய்ப் படுத்தன. சந்தை கூடுவதற்குள் அவற்றுக்குப் புது மயிர் முளைத்து, கல்யாண வீட்டு நாய்கள் போல மினுமினுவென்று திரிய ஆரம்பித்துவிட்டன.

தெருமுனையில் தயிர் விற்கும் பாவாத்தாள் மட்டும் அந்த நிழலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள். சும்மா கிடைக்கிற எதையும் அவள் நம்புவதில்லை. கடைக்காரன் கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலையைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவாள். பாலை மோந்தே அது எந்த வீட்டு எருமையின் பால், அந்த எருமை நேற்று என்ன தின்றது என்று சொல்கிற மூக்கு அவளுடையது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அவள் குனிந்து நிழலையும் மோந்து பார்த்தாள். அதில் எந்த வாசமும் இல்லை, மண்வாசம்கூட இல்லை, வாசமே இல்லாத ஒரு பொருளை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை என்பதால் அன்றிலிருந்து அவளுக்கு அதன்மேல் ஒரு கண் இருந்தது.

ஆனால் அவள் புருஷன் செங்கோடனுக்குக் காலில் புண் இருந்தது. அதே பட்டறையில் தொட்டித் தண்ணீருக்குள் நின்று நின்று ஊறிய கால், சர்க்கரை வேறு, உள்ளங்காலில் விழுந்த ஒரு பொத்தல் எந்த மருந்துக்கும் அடங்காமல் கணுக்கால் வரை கறுத்து ஏறியிருந்தது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர், ஆடி முடிந்ததும் வாங்க, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று தேதி குறித்துக் கொடுத்திருந்தார். கல்யாணத்துக்குத் தேதி குறித்தது போல அந்தத் தேதி வீட்டுக்குள் எல்லாப் பேச்சுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நாய்க்கு ஆவறது எனக்கு ஆவாதா அம்மிணி?" என்றார் செங்கோடன்.

"நாயிக்கு நக்கித் தொடைக்க நாக்கு இருக்குதுங்க. நமக்கு என்ன இருக்குது? அது என்ன ஏதுன்னே தெரியல. மோந்தா வாசம் வரமாட்டேங்குது."

"காலு போவப் போவுது. இப்பப் போயி வாசம் பாத்துட்டு இருக்கறே."

 அவளே அவரைத் தாங்கிப் பிடித்து அழைத்துப்போய் நிழலில் காலை நீட்டி உட்கார வைத்தாள், தான் மட்டும் விளிம்புக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, திருடனைப் பார்ப்பது போல அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் நாற்றம் போயிற்று, அடுத்து நீர் வடிவது நின்றது, பிறகு விளிம்பிலிருந்து செக்கச்செவேலென்று புதுச் சதை ஏறி வந்தது. தினமும் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டிய பாவாத்தாளின் கைகளிலும் மெதுவாக நீலம் ஏறி, எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாமல் நகக்கண்களில் தங்கிவிட்டது.

அதன் பிறகு கேட்க வேண்டுமா, ஊரே நிழலில் வந்து விழுந்தது. சேற்றுப்புண்காரர்கள் வந்தார்கள், பல் கூசுகிறவர்கள் வாயைத் திறந்து மல்லாந்து படுத்தார்கள், உள்ளே இருக்கிற அழுக்கும் போகட்டும் என்று வாய் கூசாதவர்களும் அப்படியே படுத்தார்கள். குடத்தில் தண்ணீர் வைத்து நிழல் ஏறியதும் எடுத்துப்போய்க் குடித்தார்கள், சோற்றுப் பானையை வைத்து எடுத்துப்போய்ச் சாப்பிட்டார்கள். நாச்சிமுத்து நிழலைச் சுற்றிக் கயிறு கட்டி, துணி என்னுடையது, ஆகையால் நிழலும் என்னுடையது என்றார். பஞ்சாயத்தார் தரை எங்களுடையது என்றார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி மட்டும், நோயே இல்லையென்றால் ஆத்தாளுக்கு எவன் தீச்சட்டி எடுப்பான் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு தள்ளி நின்று பார்த்தார். இதற்கிடையே நிழல் யாரிடமும் கேட்காமல் நாளுக்கு ஒரு சாண் என்று விரிந்து, தெருவின் பாதியைப் பிடித்துவிட்டது.

அப்புறம்தான் பால் தோயவில்லை.

பாவாத்தாள் இருபது வருஷமாகத் தோய்த்த கைக்குத் தயிர் தோயாமல் போனது அதுதான் முதல் தடவை. காலையில் சட்டியைத் திறந்தால் பால் பாலாகவே இருந்தது, கெட்டும் போகவில்லை, திரியவும் இல்லை, பொம்மைப் பால் மாதிரி அப்படியே இருந்தது. அவள் பால்காரன்மேல் சந்தேகப்பட்டாள். எதிர்வீட்டில் தோசை மாவு பொங்கவில்லை, அங்கே மாமியார் மருமகளின் கைராசியைச் சந்தேகப்பட்டாள், மருமகள் மாமியார் வாங்கி வந்த உளுந்தைச் சந்தேகப்பட்டாள். பழைய சோற்றுத் தண்ணீர் புளிக்கவில்லை, ஊறுகாய் ஊறவில்லை, குப்பைக்குழியில் போட்ட சாணம் மக்காமல் போட்டபடியே கிடக்க, வயலுக்கு எரு இல்லாதவர்கள் ராத்திரியில் வந்து யாரோ எருவைத் திருடிவிட்டுப் பச்சைச் சாணத்தை மாற்றிப் போடுவதாகச் சொன்னார்கள். கரண்டுக் கம்பியில் அடிபட்டு விழுந்த காக்கை ஒன்று எறும்பு மொய்க்காமல், நாறாமல், தூங்குவது போல மாதக்கணக்கில் சாலையோரம் கிடந்தது. கத்தாழைமேட்டில் அந்தச் சமயம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நேராகப் பார்த்துப் பேசியவர்கள் குறைவு.

செங்கோடனின் கால் ஆறிக்கொண்டே வந்தது, செங்கோடன் குறைந்துகொண்டே வந்தார். தின்ற சோறு தின்றபடியே வெளியே போயிற்று. கன்னம் ஒட்டி, இடுப்பு வேட்டி நிற்காமல், நல்ல காலின்மேல் நோஞ்சான் உடம்பை வைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்தார். பக்கத்து வீட்டுக் கோகிலாவின் பெண்குழந்தை, இப்போதுதான் சோறூட்டிப் பழகிய பிள்ளை, வயிறு உப்பி இரவும் பகலும் அழுதது. தெருவில் யார் வீட்டுச் சட்டியை எட்டிப் பார்த்தாலும் சோறு மிச்சம் இருந்தது.

"எல்லாம் அந்த நெழல்தான்" என்று பாவாத்தாள் குழாயடியில் வெளிப்படையாகவே சொன்னாள்.

"காலைக் குடுத்த நெழலையே தூத்தறயேக்கா" என்றாள் கோகிலா, குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே. "உனக்கு யாவாரம் போயிருச்சு. அந்த வயித்தெரிச்சல்ல பேசறே."

அந்தச் சொல் பாவாத்தாளைச் சுட்டது. அதில் பாதி உண்மை இருந்ததால் இன்னும் அதிகமாகவே சுட்டது.

டவுன் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் தமயந்தி என்பவள் கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டுகளுடன் வந்து இறங்கியபோது தெரு அவளையும் நம்பவில்லை. நிழலை டவுனுக்குக் கடத்த வந்தவள் என்று பேசிக்கொண்டது. அவள் தட்டுகளை நிழலில் வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு தட்டிலும் ஒரு கிருமி மிஞ்சவில்லை என்று முகம் வெளுத்துப்போய்ப் பாவாத்தாள் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்டாள். அந்தத் துணியில் இருந்தது ஒரு ஆஸ்பத்திரிக்காகப் போட்ட சாயமாம், படுக்கை விரிப்பில் கிருமி அண்டக்கூடாது என்று கேட்டார்களாம்.

"சில சாயத்துமேல வெளிச்சம் பட்டா அதுக்கு ஒரு வேகம் வந்துரும்ங்க. சுத்தி இருக்கற காத்தையே கொதிப்பேத்தி விட்டு கிருமியைப் பொசுக்கிரும். அதோட கண்ணுக்கே தெரியாத பொடித் தங்கத்தைக் கலந்துட்டா வேகம் இன்னும் பல மடங்கு. துணியில அது செய்யும், எனக்குத் தெரியும். நெழல் எப்படிச் செய்யுதுன்னுதான் எனக்குத் தெரியலைங்க."

"அது நல்ல கிருமி, கெட்ட கிருமின்னு பாக்குமா கண்ணு?"

"பாக்காதுங்க்கா. அதுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"இருட்டுல?"

"இருட்டுல தூங்கிரும். வெளிச்சம் இல்லாட்டி அது வெறும் சாயம்."

பாவாத்தாள் தன் நீல நகங்களைப் பார்த்துக்கொண்டாள். டவுனிலிருந்து வாங்கி வந்த பாக்கெட் தயிரெல்லாம் தன் கையால் பிரித்ததும் கஞ்சித்தண்ணி போலச் சப்பென்று ஆனது ஏன் என்று இப்போது புரிந்தது. அக்கம்பக்கத்து ஊர்களில் கேட்ட உறைமோரைப் பட்டப்பகலில் தூக்கின் வாயைக் கையால் பிடித்து வாங்கி வந்து, சாமிக்கு விளக்கு வைத்து, டியூப்லைட்டையும் போட்டு, நல்ல வெளிச்சத்தில் நிதானமாகத் திறந்து தன் கையாலேயே அதைக் கொன்றிருக்கிறாள். தோய்க்கிற கைதான் கொல்கிற கை என்று அவள் அந்தக் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அப்படியானால் வாங்குவது இருட்டில், பாலில் விடுவது இருட்டில், அவருக்கு ஊட்டுவதும் இருட்டில். இத்தனை நாளும் அவர் வயிற்றுக்குப் போனதெல்லாம் வெளிச்சத்தில் வெளியிலேயே செத்த சோறு. உயிரோடு உள்ளே போய்விட்டால் பிழைத்துக்கொள்ளும், வயிற்றுக்குள் வெளிச்சம் ஏது. ஆனால் விளக்கு வைத்த பிறகு உறைமோர் கொடுக்கிற வீடு அந்தப் பக்கத்திலேயே கிடையாது. கடன் கேட்டால்கூடக் கொடுப்பார்கள், பெண் கேட்டால்கூடக் கொடுப்பார்கள், விளக்கு வைத்த வீட்டிலிருந்து மோரும் உப்பும் வெளியே போனால் கூடவே லட்சுமியும் போய்விடுவாள் என்று வாசற்கதவைச் சாத்திக்கொள்வார்கள். பாவாத்தாளே எத்தனையோ பேருக்கு அப்படிச் சாத்தியிருக்கிறாள். உறவுமுறை சொல்லி அந்த நேரத்தில் கேட்டுப் பார்க்கக்கூடிய ஒரே வீடு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது, அது அவளுடைய ஓரகத்தி, செங்கோடனின் அண்ணன் பெண்டாட்டி வீராத்தாள் வீடு. ஒரு கல்யாணப் பந்தியில், பாவாத்தாள் தயிரில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று வீராத்தாள் ஊர் கேட்கச் சொன்ன நாளிலிருந்து இருவரும் பேசுவதில்லை.

செங்கோடன் எழுந்து உட்காரக்கூட மாட்டாமல் போன அன்று அவள் பஸ் ஏறிவிட்டாள். பொழுது விழுகிற நேரத்தில் வீராத்தாள் வாசலில் போய்த் தூக்குப்போசியுடன் நின்றாள்.

"என்ன, அதிசயமா இருக்குது" என்றாள் வீராத்தாள், உட்காரச் சொல்லாமல்.

"ஒரு கரண்டி ஒறமோர் வேணுமுங்க்கா. உங்க கொழுந்தனாருக்கு."

"அதுக்கென்ன, வெளிச்சத்தோட வாங்கிட்டுப் போ. வெளக்கு வெக்கற நேரமாச்சு."

"வெளிச்சத்துல வாங்கினா என்ற கையில செத்துப் போவுதுங்க்கா" என்று சொல்லி, அவள் தன் நீலக் கைகளை முந்தானைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள்.

வீராத்தாள் அந்தக் கைகளை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். விளக்கு வைக்கத்தான் போகிறாள், எல்லாம் முடிந்தது என்று பாவாத்தாள் நினைத்தாள். ஆனால் வீராத்தாள் தீப்பெட்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். பாவாத்தாள் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வீடாக விளக்கு ஏறியது. ஏனுங்க, இன்னும் வெளக்கு வெக்கல, எதாச்சும் கெட்ட காரியமா என்று தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள்.

"தீப்பெட்டி நமுத்துப் போச்சு" என்றாள் வீராத்தாள் ஒவ்வொருவரிடமும், இடுப்புத் தீப்பெட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு.

நன்றாக இருட்டிய பிறகு அவள் தடவித் தடவி உள்ளே போய்ச் சட்டியோடு வந்து, சத்தத்தை வைத்தே தூக்குப்போசியில் ஒரு கரண்டி விட்டாள். "வெளக்கு இன்னும் வெக்கலை. அதனால குத்தமில்லை" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு, "அன்னிக்கு உன்ற தயிர்ல தண்ணி இருந்துச்சுதான்" என்றாள்.

"இல்லீங்க்கா."

"சரி, பஸ்ஸு வந்துரும். போ."

கத்தாழைமேட்டில் பாவாத்தாளின் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. மெயினை அணைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். அவள் தெருவிளக்குக்கு விலகி நடந்து வந்து, கதவை உள்ளே தாழிட்டு, முழங்கையை விட்டுப் பாலின் சூடு பார்த்து, தூக்குப்போசியைத் திறந்தாள். திறந்ததும் அந்தப் புளித்த வாசம் மூக்கில் ஏறி அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாலில் அதை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தபோதுதான் கதவு இடிபட்டது.

விளக்கு வைக்காத வீட்டைத் தெரு சும்மா விடுமா. சாவு விழுந்த வீட்டில்கூட ஒரு விளக்கு எரியும். இந்த வீடு ஏன் இருட்டிலிருக்கிறது, தயிர்க்காரி ஏன் ஆற்றுக்கு அக்கரை போய் எதையோ முந்தானையில் மூடிக்கொண்டு வந்தாள், யாரைக் கேட்டுப் போனாள் என்று கூட்டம் கூடி, ஆளுக்கொரு செல்போன் டார்ச்சுடன் நாச்சிமுத்து தலைமையில் வாசலுக்கு வந்துவிட்டது. கதவின் சந்து முழுக்க வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது. பாவாத்தாள் சட்டியைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக் கதவோடு கதவாக நின்றாள்.

"நெழலுக்கு ஏதோ செய்வினை வெக்கறே. கதவைத் தொற" என்றார் நாச்சிமுத்து.

"தொறக்கறேனுங்க. லைட்டை எல்லாம் அணைங்க, தொறக்கறேன்."

"இருட்டுல என்ன பண்ணுவியோ, ஆரு கண்டா?"

"என்ற ஊட்டுக்காரர் உள்ள கெடக்கறாரு. காலு பொழைச்சுப் போச்சு, ஆளு செத்துட்டு இருக்கறாரு" என்று கத்தினாள் பாவாத்தாள்.  "உங்க ஊட்டுலயும் அதேதான் நடக்குது, எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் சொல்லமாட்டேங்கறீங்க. என்னை நம்ப வேண்டாம். ஆரும் ஆரையும் நம்ப வேண்டாம். மோந்து பாருங்க, அது போதும்."

 கதவிடுக்கு வழியாக அந்த வாசம் வெளியே போய்க்கொண்டிருந்தது. புளிப்பு வாசம், விடிகாலை மாவுப்பாத்திரத்தின் வாசம், வெயில் காலத்துப் பழைய சோற்றின் வாசம், மாதக்கணக்காக அந்தத் தெருவில் இல்லாமல் போய், இல்லாமல் போனதே யாருக்கும் தெரியாமல் இருந்த வாசம். கோகிலாவின் தோளில் கிடந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது. கோகிலா தன் செல்போனை அணைத்தாள். பிறகு ஒன்றொன்றாக மற்ற வெளிச்சங்கள் அணைந்தன. நாச்சிமுத்துவுடையதுதான் கடைசி, அதையும் அவர் அணைக்கவில்லை, சட்டைப் பைக்குள் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

கிழக்கு வெளுக்கும் முன்னால் பாவாத்தாள் இருட்டிலேயே தயிரும் சோறும் பிசைந்து, முகத்தைத் தடவி வாயைக் கண்டுபிடித்து, அவருக்கு ஒரு வாய் ஊட்டினாள். செங்கோடன் வெகுநேரம் மென்றார்.

"புளிக்குது அம்மிணி" என்றார்.

அவள் அந்த இருட்டில், யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில், வாய்விட்டு அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் கோகிலா கிண்ணத்துடன் காத்திருந்தாள்.

ஆடி முடிந்ததும் செங்கோடன் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தன் இரண்டு காலாலும் நடந்தே போய்விட்டு வந்தார். அதற்குப் பிறகு கத்தாழைமேட்டில் பொழுது விழுந்ததும் யாரும் அவசரப்பட்டு விளக்கு வைப்பதில்லை. பகலில் கால் புண்ணை நிழலுக்கும் மாலையில் வயிற்றை இருட்டுக்கும் என்று பிரித்துக் கொடுத்துப் பழகிவிட்டார்கள். தயிரும் மாவும் கைமாறி முடிகிறவரை தெருவிளக்குகூட எரியாமல் லைன்மேனிடம் சொல்லி வைத்திருந்தார்கள். ஆனாலும் யாரும் யாரையும் முழுசாக நம்பவில்லை, இருட்டில் வாங்குகிற ஒவ்வொருவரும் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்கள், பாவாத்தாளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நிழல் தன்பாட்டுக்கு விரிந்து ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போனதைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள்.

ஒரு கார்த்திகை மாலையில், வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் வாங்கிப் போய், எல்லா வீட்டிலும் விளக்கு ஏறிய பிறகு, பாவாத்தாள் கடைசியாகத் தன் வீட்டு அகலுக்குத் திரி இட்டு, தீக்குச்சியை எடுத்துப் பெட்டியின் மேல் உரசப் போனாள். வாசலுக்கு வெளியே இருட்டில் யாரோ ஒரு தூக்குப்போசியுடன் எதுவும் கேட்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். முகம் தெரியவில்லை. கை முந்தானைக்குள் இருந்தது.

"வெளக்கு வெச்சுட்டயா?" என்றது வீராத்தாளின் குரல். "பேரனுக்கு ரெண்டு நாளா எதுவும் செமிக்கல."

பாவாத்தாள் தீக்குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இல்லீங்க்கா" என்றாள். "தீப்பெட்டி நமுத்துப் போச்சு. உள்ள வாங்க."